திறந்த வானின்கீழ் ஒரு பெருங்கூட்டம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் படிக்கப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடையில் கம்பனைப் பற்றியும் இளங்கோவைப் பற்றியும் கற்றறிந்த பெரியோர் பேசக் கேட்டு மகிழ்ந்தவர்கள் நாம். அத்தகைய மேடையில் 'ராக்' இசை விழாக்களின் நினைவுகளைக் கூற வந்திருக்கின்றோம் என்றால், சிலர் வியப்புறக் கூடும். சிலர் முகம் சுளிக்கவும் கூடும். தமிழ்ச் சங்கத்துக்கும் மின்கிதாருக்கும் என்ன உறவு என்று கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு எங்களால் இயன்ற விடையைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

இது தனியொருவர் உரை அன்று. 1988-ஆம் ஆண்டில் லோதி காலனியில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த எழுவர் கூடியமர்ந்து, நினைவுகளை ஒப்பிட்டுப் பார்த்து எழுதியது. ஆகவே, 'நாங்கள்' என்று சொல்லும் இடமெல்லாம் அந்த எழுவரையே குறிக்கும் என்று கொள்ள வேண்டுகின்றோம்.

விளையாட்டுக்கென்று கட்டிய திறந்த அரங்குகளில் இசை கேட்கப் பல்லாயிரவர் கூடும் வழக்கம் மிகப் பழையது அன்று. 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நியூயார்க் நகரின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் பாடியபோது ஏறத்தாழ 55,600 பேர் திரண்டனர். பந்தாட்ட அறிவிப்புகளுக்காக அங்கே அமைத்திருந்த ஒலிபெருக்கிகளே அன்று பாட்டையும் சுமக்க வேண்டியிருந்தது. இரசிகர்களின் கூச்சலில் பாட்டு அமிழ்ந்து போயிற்று. பாடியவர்களுக்கே தங்கள் குரல் சரியாகக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு, 1966 ஜூலையில், அதே குழுவினர் நம் தில்லிக்கும் வந்தனர். இங்கே அவர்கள் பாடவில்லை; கன்னாட் பிளேசில் உள்ள ரிக்கி ராம் கடையில் இசைக் கருவிகளை வாங்கிக்கொண்டு சென்றனர்.

1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் பண்ணை நிலம் ஒன்றில் உட்ஸ்டாக் விழா நடந்தது. ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் கூடிய அவ்விழாவின் முதல் நாள் இரவில், மழைக்கு நடுவே, பண்டிட் ரவிசங்கர் சிதார் வாசித்தார். பின்னர் 1985 ஜூலை 13-ஆம் நாள், எத்தியோப்பியாவின் பஞ்சத்துக்கு நிதி திரட்டுவதற்காக, 'லைவ் எய்ட்' விழா இலண்டனிலும் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நடந்தது. இலண்டன் வெம்பிளி அரங்கில் மட்டும் 72,000 பேர். அங்கே 21 நிமிடங்களே பாடிய குவீன் குழுவின் தலைமைப் பாடகர் பிரெடி மெர்குரி, நம் நாட்டுப் பாஞ்ச்கனியில் பள்ளிக் கல்வி பெற்ற பார்சிக் குடும்பத்துப் பிள்ளை. அவர் பாட, அரங்கம் முழுவதும் கைகளை உயர்த்தி ஒரே தாளத்தில் தட்டிய காட்சியைப் படச்சுருளில் கண்டவர்கள் எளிதில் மறவார்.

ஒரே தாளத்தில் தட்டுவது எளிய செயல் என்று எண்ணிவிட வேண்டா. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் தொலைவே செல்லும். மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு அரை நொடி தாமதித்தே எட்டும். டிரம் மீது கோல் விழுவதைக் கண் முதலில் காணும். அதன் ஓசையைச் செவி பின்னர் கேட்கும். முன்னால் நிற்பவர் கைத்தட்டலும் பின்னால் நிற்பவர் கைத்தட்டலும் ஒன்றாகா. கடலலை போல ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். இக்குறையை நீக்கவே, அரங்கின் நடுவிலும் பின்புறத்திலும் ஒலிபெருக்கிக் கோபுரங்களை நிறுத்தி, அவற்றின் ஒலியைக் கணக்கிட்டுத் தாமதித்து அனுப்பும் முறை பின்னாளில் வந்தது. கோவில் திருவிழாவில் தேர்வடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. வடத்தின் முனையில் இருப்பவர் இழுத்த இழுப்பு, தேரின் அருகே நிற்பவர் கைக்கு வந்து சேரச் சற்று நேரம் ஆகும் அன்றோ!

இனி, எங்கள் கதைக்கு வருகின்றோம்.

1948 டிசம்பர் 10-ஆம் நாள் பாரிஸ் நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, மனித உரிமைகளின் பொதுப் பிரகடனத்தை ஏற்றது. அதில் 30 விதிகள் உள்ளன. அதன் முதல் விதியில் 'ஆடவர் அனைவரும்' என்று பொருள்படும்படி முதலில் எழுதியிருந்ததை 'மனிதர் அனைவரும்' என்று மாற்றச் செய்தவர், இந்தியாவின் சார்பில் அமர்ந்திருந்த ஹன்சா மேத்தா அம்மையார். அப்பிரகடனத்தின் நாற்பதாம் ஆண்டை நினைவுகூரும் வகையில், 1988-ஆம் ஆண்டு ஆம்னஸ்டி நிறுவனத்தார் ஓர் இசைப் பயணத்தை நடத்தினர். செப்டம்பர் 2-ஆம் நாள் இலண்டனில் தொடங்கி, அக்டோபர் 15-ஆம் நாள் புவனோஸ் அயர்சில் முடிந்த அப்பயணத்தில் 20 நிகழ்ச்சிகள். அமெரிக்கர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஆங்கிலேயர்களான ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், அவ்வாண்டுதான் புகழ்பெறத் தொடங்கியிருந்த அமெரிக்க இளம்பெண் டிரேசி சாப்மன், ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டு யூசு ந்தூர் ஆகிய ஐவரும் உடன் சென்றனர். செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை, அவர்கள் தில்லியில் பாடினார்கள். 1982-ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுகளுக்கெனக் கட்டிய ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கே அவர்களுக்கு மேடையாயிற்று. லோதி காலனியிலிருந்து அது நடந்து செல்லும் தொலைவுதான்.

எங்களுக்கு அப்போது பதினெட்டு, பத்தொன்பது வயது. யுவவாணியில் கேட்டும், பாலிகா பஜாரில் வாங்கிய ஒலிநாடாக்கள் தேயும்வரை போட்டும் அப்பாடல்களை ஓரளவு அறிந்திருந்தோம். எங்களுள் அறுவர் தமிழர். ஏழாமவர் எதிர் வரிசை வீட்டில் வாழ்ந்த சீக்கியக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் அன்னையரை 'மாமி' என்றே அழைப்பார். மோர்க்குழம்பு எந்த வீட்டில் நன்றாயிருக்கும் என்பதை எங்களைவிட நன்கு அறிவார்.

அனுமதி கேட்டபோது வீடுகளில் எழுந்த எதிர்ப்பைச் சொல்ல வேண்டும். அது மகாளய பட்சம்; மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. "முன்னோரை நினைக்க வேண்டிய நாளிலே கூத்துப் பார்க்கப் போவதாவது!" என்று எங்களுள் ஒருவரின் பாட்டியார் கடிந்துகொண்டார். அவ்வெதிர்ப்பை எப்படியோ சமாளித்தோம். தந்தையர் சொன்ன மறுப்பு வேறு வகையானது. அவர்கள் இசையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "அவ்வளவு பெரிய கூட்டத்துக்குள் போக வேண்டாம்" என்று மட்டுமே சொன்னார்கள்.

அச்சொல்லின் பொருளை நாங்கள் அறிந்தே இருந்தோம். நான்கு ஆண்டுகளுக்கு முன், 1984 அக்டோபர் 31-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்த நாட்களில், இதே தில்லியில் கூட்டங்கள் தெருத்தெருவாகச் சென்று சீக்கியர்களைத் தேடிக் கொன்றன. அரசின் கணக்குப்படியே தில்லியில் மட்டும் 2,733 பேர் மாண்டனர். அந்நாட்களில் எங்கள் ஏழாமவரின் குடும்பம் எங்களுள் ஒருவர் வீட்டில், பூஜை அறையை அடுத்த சாமான் அறையில், மூன்று இரவுகள் தங்கியிருந்தது. தெருமுனையில் கூச்சல் கேட்கும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அமர்ந்திருந்தோம். பதினைந்து வயதுப் பிள்ளையின் நீண்ட தலைமுடியை, அவனுடைய தாயார் அழுதுகொண்டே எங்கள் அடுக்களைக் கத்தரிக்கோலால் வெட்டினார். அந்த முடியை எங்கே வைத்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அதன் பிறகு எங்கள் வீடுகளில் கூட்டம் என்ற சொல்லே அச்சம் தருவதாயிற்று. பிழைப்புக்காக வந்து வேற்று மண்ணில் வாழும் நமக்கு, அண்டை வீட்டாரின் அமைதியே அரண் என்பதை அம்மூன்று இரவுகளில் எங்கள் பெற்றோர் கற்றுக்கொண்டனர்.

ஆயினும் சென்றோம். ஏழாமவரும் வந்தார். நான்கு ஆண்டுகளில் முடி வளர்ந்திருந்தது. மீண்டும் தலைப்பாகை கட்டத் தொடங்கியிருந்தார்.

வெயில் தாழ்வதற்கு முன்பே உள்ளே சென்றுவிட்டோம். அத்தனை மனிதர்களை ஒரே இடத்தில் நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. கல்லூரி மாணவர், பள்ளிச் சீருடையைக் கூட மாற்றாத சிறுவர், வெளிநாட்டவர், என்ன நடக்கிறது என்று பார்க்க வந்த நடுவயதினர் என எல்லோரும் கலந்து நின்றனர். யூசு ந்தூர் தம் தாய்மொழியாகிய ஓலோஃப் மொழியில் பாடினார். அம்மொழியில் ஒரு சொல்லும் எங்களுக்குத் தெரியாது. அருகில் நின்றவர்களுக்கும் தெரியாது. தாளம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டிரேசி சாப்மன் ஒரேயொரு கிதாரோடு தனியாக வந்து நின்றார். அவ்வாண்டு ஜூன் 11-ஆம் நாள், நெல்சன் மண்டேலாவின் எழுபதாம் பிறந்தநாளைக் கொண்டாட வெம்பிளியில் நடந்த விழாவில், வேறொரு கலைஞர் திடீரென மேடையேற இயலாமற்போக, அவ்விடத்தை நிரப்ப மீண்டும் மேடைக்கு அனுப்பப்பட்டு, அந்த ஒரே இரவில் உலகறிந்தவரானவர் அவர். தில்லியிலும் அத்தனை பெரிய கூட்டத்தை அவர் குரல் அமைதியடையச் செய்தது.

பீட்டர் கேப்ரியல் பாடிய பாடல்களுள் ஒன்று, தென்னாப்பிரிக்காவில் 1977 செப்டம்பர் 12-ஆம் நாள் காவலில் இருந்தபோது உயிரிழந்த ஸ்டீவ் பிக்கோவைப் பற்றியது. மறைந்தபோது பிக்கோவுக்கு வயது முப்பது. நிறவெறியைக் கண்டித்து 1946-ஆம் ஆண்டிலேயே தென்னாப்பிரிக்காவுடன் வாணிகத்தை முறித்துக்கொண்ட நாடு நம் நாடு. ஆகவே அச்செய்தி எங்களுக்குப் புதிது அன்று. ஸ்டிங் பாடிய பாடல் ஒன்று சிலி நாட்டுப் பெண்களைப் பற்றியது. இராணுவ ஆட்சியில் காணாமற்போன கணவர், மக்கள் ஆகியோரின் படங்களை ஏந்திக்கொண்டு, இருவர் ஆட வேண்டிய நடனத்தைத் தனியாக ஆடியவர்கள் அவர்கள். இப்பாடல்களைக் கேட்டபோது எங்கள் ஏழாமவர் ஒரு சொல்லும் பேசவில்லை. நாங்களும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தொலைநாட்டுத் துயரங்களுக்குப் பாட்டு இருந்தது. எங்கள் தெருவில் நடந்ததற்கு இல்லை. அந்த எண்ணம் எங்கள் எல்லோர் நெஞ்சிலும் ஒரே நேரத்தில் எழுந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

நாங்கள் இன்று சொல்ல வந்த செய்தி இதன் பிறகே நிகழ்ந்தது. கூட்டம் ஒரு பக்கமாக அலைமோதியபோது நெருக்கத்தில் ஏழாமவரின் தலைப்பாகை அவிழ்ந்துவிட்டது. துணியின் ஒரு முனை கீழே விழுந்தது. யாரோ அதை மிதித்தார்கள். அவர் அப்படியே உறைந்து நின்றார். எங்களுக்கும் மூச்சு நின்றுபோயிற்று. கூட்டத்தின் நடுவே சீக்கியர் ஒருவரின் தலைப்பாகை அவிழ்வது என்பது, தில்லியில் அந்நாளில், என்ன நினைவைக் கொணரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அருகில் நின்ற இளைஞர் ஒருவர் குனிந்து துணியை எடுத்தார், தூசியைத் தட்டினார். பின்னர், யாரும் கட்டளையிடாமலே, எங்களைச் சுற்றியிருந்த இருபது முப்பது பேர் கைகோத்து வெளிப்புறமாக நின்று, நடுவில் ஓர் இடைவெளியை உண்டாக்கினார்கள். தலைப்பாகைத் துணி ஐந்தாறு மீட்டர் நீளம் உடையது. கட்டுவதற்கு முன் அதை நீட்டிப் பிடித்து நீளவாக்கில் மடிக்க வேண்டும். அதற்கு இருவர் தேவை. முன்பின் அறியாத அவ்விளைஞரே மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மடிப்புத் தெரியாமல் தவறாகப் பிடித்தவரை ஏழாமவர் இரண்டு முறை திருத்தினார். மூன்றாம் முறை சரியாக வந்தது. இருவரும் சிரித்தார்கள். அவர் கட்டி முடிக்கும் வரையில் அவ்வட்டம் கலையவில்லை. கட்டி முடித்ததும் கைகள் விலகின, இடைவெளி மூடிக்கொண்டது, அவ்விளைஞரும் கூட்டத்தில் மறைந்தார். அவர் பெயரை நாங்கள் கேட்கவில்லை. மேடையில் அப்போதும் பாட்டு நிற்கவில்லை.

வீடு திரும்பியபோது இரவு வெகுநேரம் ஆகியிருந்தது. வீட்டு வாயிற்படியில் எங்கள் தந்தையர் மூவர் அமர்ந்திருந்தனர். அவர்களோடு ஏழாமவரின் தந்தையாரும் இருந்தார். அரங்கின் ஓசை காலனி வரை கேட்டதாம். அது நிற்கும் வரை அவர்கள் அங்கேயே அமர்ந்திருந்தார்களாம். "எல்லாரும் வந்தாச்சா?" என்றார் ஒருவர். இன்னொருவர் விரல் நீட்டி எங்களை ஒவ்வொருவராக எண்ணினார். ஏழு என்று முடிந்ததும் எழுந்து உள்ளே சென்றுவிட்டார்கள்.

அன்பர்களே! இவ்வுரையை எழுத அமர்ந்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. அவ்வட்டம் உண்டானது ஸ்டிங் பாடியபோது என்கிறார் ஒருவர். ஸ்பிரிங்ஸ்டீன் பாடியபோது என்கிறார் மற்றொருவர். துணியின் நிறம் நீலம் என்பார் ஒருவர். கருஞ்சிவப்பு என்பார் இன்னொருவர். அன்று முழுநிலவு காய்ந்தது என்று எங்களுள் ஒருவர் சத்தியம் செய்கின்றார். பஞ்சாங்கமோ பௌர்ணமி கழிந்து ஐந்து நாட்கள் ஆயின என்கிறது. ஏழாமவரையே கேட்டோம். "நிறம் எனக்கு நினைவில்லை. மறுமுனையைப் பிடித்த கை மட்டும் நினைவிருக்கிறது" என்றார். பாடல்களின் வரிசையை நாளிதழ்களில் தேடிப் பெற்றுவிடலாம். எங்களிடம் கேட்டாலன்றிக் கிடைக்காதது அந்த வட்டம் ஒன்றே. அதில் எழுவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இசை விழாக்களுக்குச் சென்ற உலகத்து இரசிகர்களின் நினைவுகள் பலவும் இத்தகையனவே. அவர்கள் நின்ற அரங்குகள் பல இன்று இல்லை. பிலடெல்பியாவின் கென்னடி அரங்கம் 1992-இலும், பழைய வெம்பிளி 2003-இலும், ஷே அரங்கம் 2009-இலும் இடிக்கப்பட்டு மறைந்தன. ஆனால் அவ்விடங்களில் தண்ணீர்ப் புட்டியை நீட்டியவர், மயங்கிய பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிக் கைமாற்றி வெளியே சேர்த்தவர்கள், தொலைந்த சிறுவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றவர் ஆகியோரைப் பற்றியே முதியவர்களான இரசிகர்கள் இன்றும் பேசுகின்றனர்.

கூட்டம் எப்போதும் இனியது என்று நாங்கள் சொல்லவில்லை. 1969 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஆல்டமாண்ட் விழாவில், மேடையின் எதிரிலேயே ஓர் இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். 2000-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் நெரிசலில் சிக்கி ஒன்பது இளைஞர் மாண்டனர். 2025 ஜூன் 4-ஆம் நாள் பெங்களூரில், கிரிக்கெட் வெற்றியைக் கொண்டாடச் சென்றவர்களில் 11 பேர் சின்னசாமி அரங்கின் வாயில்களில் நசுங்கி உயிரிழந்த துயரம் நம் நெஞ்சை விட்டு இன்னும் அகலவில்லை. எங்கள் தந்தையரின் அச்சம் பொருளற்றது அன்று.

எனினும் இன்னொன்றும் உண்மை. சிலி நாட்டின் தலைநகரில் உள்ள தேசிய விளையாட்டரங்கம், 1973-ஆம் ஆண்டு இராணுவப் புரட்சியின்போது ஆயிரக்கணக்கானோரை அடைத்து வதைத்த சிறைக்கூடமாயிற்று. 1990 அக்டோபரில், மக்களாட்சி மீண்ட பிறகு, அதே அரங்கில் ஆம்னஸ்டி நிறுவனத்தார் இரண்டு இரவுகள் இசை விழா நடத்தினர். ஸ்டிங்கும் பீட்டர் கேப்ரியலும் அங்கே பாடினர். மண் ஒன்று, கற்களும் ஒன்று, கூடியவர்களின் மனம்தான் வேறு. நம் தில்லியிலும் அவ்வாறே. 1984-இல் எங்களைச் சாமான் அறையில் ஒளியச் செய்ததும் ஒரு கூட்டம். 1988-இல் கைகோத்து வட்டமாக நின்றதும் ஒரு கூட்டம். இரண்டையும் ஒரே ஊரில் கண்டோம். முன்னதை மறக்கக் கூடாது. பின்னதையும் மறந்துவிட்டால், அச்சத்தைத் தவிர நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க நம்மிடம் வேறொன்றும் இராது.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். புகார் நகரில் 28 நாள் நடைபெறும் இந்திரவிழாவை முரசறைந்து அறிவிப்பவன், பந்தலிடுக, தோரணம் கட்டுக என்று சொல்வதோடு நிற்பதில்லை. பகைவரே ஆயினும் அவரோடு சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்க என்றும் ஊராருக்குச் சொல்வதாக மணிமேகலை கூறுகின்றது. விழாவுக்கு முதல் ஏற்பாடு அதுவே என்று சாத்தனார் கருதினார் போலும்.

இறுதியாக இரண்டு விண்ணப்பங்கள். முதலாவது, பெற்றோர்களுக்கு. 2025 ஜனவரியில் அகமதாபாத்தின் விளையாட்டரங்கில் கோல்ட்பிளே குழுவினர் பாடியபோது ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். நம் காலனிப் பிள்ளைகளும் இத்தகைய விழாக்களுக்குப் போக அனுமதி கேட்பார்கள். வெளியேறும் வாயில் எங்கே என்று முதலில் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்; பிரிந்தால் சந்திக்க ஓர் இடம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்; நெரிசல் தொடங்கும் முன்பே ஓரம் வந்துவிடச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அனுப்பி வையுங்கள். திரும்பி வரும்போது எண்ணிப் பார்க்க, வாயிற்படியில் அமர்ந்திருங்கள்.

இரண்டாவது, இளைய நண்பர்களுக்கு. அங்கே நீங்கள் எடுக்கும் படங்களில் மேடை மட்டுமே இருக்கும். அருகில் நின்றவர் முகத்தையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். யாருடைய துணியேனும் கீழே விழுந்தால் எடுத்துக் கொடுங்கள். மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டியிருந்தால், அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.

எங்கள் எழுவருள் பெரும்பாலோர் இன்று பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருக்கின்றோம். ஏழாமவர் இப்போது இந்த அவையில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். இவ்வுரையின் தமிழ்ப் பிழைகள் இரண்டைத் திருத்தியவரும் அவரே என்பதை நன்றியோடு தெரிவிக்கின்றோம்.